துப்பாக்கிச் சந்தையில் ஆயுத பூஜை

1

நீங்கள் எல்லோரும் வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த அதே ஆயுத பூஜை நாளில், நானும் சுமதியும் டாலஸ் நகரத்தில் ஒரு பெரிய ஹாலுக்குள் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தோம். பயப்பட வேண்டாம், யாரும் எங்களைப் பிடித்துவைக்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நாங்களாகத்தான் போனோம்.

துப்பாக்கி செய்கிறவர்கள், அதற்கு உறை செய்கிறவர்கள், துடைக்க எண்ணெய் செய்கிறவர்கள், காதுக்கு அடைப்பான் செய்கிறவர்கள் எல்லோரும் கடை விரித்து, நாலா பக்கமிருந்தும் சில்லறைக் கடைக்காரர்களை வரவழைத்துச் சரக்கைக் காட்டுகிற வியாபாரக் கண்காட்சி அது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. எங்கள் ஒரே மகள் யாழினி அங்கே ஒரு மூலையில் சின்ன ஸ்டால் போட்டிருந்தாள். அவள் செய்வது துப்பாக்கி அல்ல, துப்பாக்கியை வைத்துப் பூட்டுகிற பெட்டி. செருப்பு வாங்கினால் தருவார்களே, அந்த அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும், ஆனால் இரும்பு. மேலே ஒரு வட்டம் இருக்கும். பழக்கிவைத்த விரலை அதில் வைத்தால் பச்சை விளக்கு எரிந்து திறக்கும், வேறு விரல் என்றால் சிவப்பு.

டாலஸ் பக்கம் ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனி ஒன்றில் நல்ல வேலையில் இருந்த பெண். மெடிக்கல் இன்ஷூரன்ஸ், வருஷாந்திர போனஸ் எல்லாம் இருந்தது. அதை விட்டுவிட்டு இரண்டு நண்பர்களோடு சேர்ந்து இந்தப் பெட்டியைச் செய்யக் கிளம்பினாள். ஏன் என்று நாங்கள் கேட்காத நாள் இல்லை. "சம்படி ஹேஸ் டு டூ இட், அப்பா" என்று தோளைக் குலுக்குவாள். யாரோ ஒருவர் செய்துதான் ஆக வேண்டும் என்றால் அந்த யாரோ ஏன் கோயமுத்தூர்க்காரனாகவோ ஓஹையோக்காரனாகவோ இருக்கக் கூடாது என்பது என் கேள்வி.

இந்தக் கண்காட்சியில் ஒரு கடையாவது பெட்டியை எடுக்கச் சம்மதிக்காவிட்டால் கம்பெனியை மூடிவிடுவது என்று மூன்று பேரும் பேசி முடித்திருந்தார்கள். பழைய மேனேஜர் அவளுக்கு இடம் தயாராக வைத்திருந்தார். உங்களிடம் மறைப்பானேன், அவள் அந்தப் பழைய நாற்காலிக்கே திரும்ப வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருடைய ஆசையும். சுமதி கோவிலில் அதற்காகத் தனியாக அர்ச்சனைகூடச் செய்திருந்தாள்.

கூட்டாளி ஒருவனுக்கு அந்த வாரம்தான் குழந்தை பிறந்தது. இன்னொருவனுக்குக் காய்ச்சல். ஸ்டாலில் உட்கார ஆள் இல்லாமல் எங்களைக் கூப்பிட்டாள். யாழினி தமிழில் கேட்டு இங்கிலீஷில் பதில் சொல்கிறவள். அதனால் அவள் சொன்னதைப் பெரும்பாலும் நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். "யாராவது வந்தால் சிரியுங்கள், எனக்கு ஃபோன் போடுங்கள். ப்ளீஸ் அப்பா, நீங்களாக எதையும் விளக்க வேண்டாம்." வாழ்நாள் முழுக்க அடுத்தவன் செய்த டெலிபோன் மெஷினில் குற்றம் கண்டுபிடிப்பதையே சம்பள வேலையாகப் பார்த்து ரிடையரானவன் நான். என்னிடம் அப்படிச் சொன்னாள்.

2

வாசலிலேயே முதல் தகராறு.

நல்ல நாள் என்பதால் சுமதி பட்டுப்புடவை கட்டி, அதன்மேல் அடையாள அட்டையைச் சங்கிலிபோல் தொங்கவிட்டிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. "புள்ள தொழில் பண்ற எடத்துல இன்னைக்கு ஒரு பொட்டுக்கூட வெக்காம உக்காந்திருக்கறதுங்களா?" என்று காரிலேயே என் வாயை அடைத்திருந்தாள். பையைச் சோதித்த காவலர், மலைபோல் உயரமான இளைஞர், கற்பூர டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு தீப்பெட்டியை எடுத்தார். இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "மன்னிக்கணும் மேடம், தீப்பற்றுகிற எதுவும் உள்ளே போகக் கூடாது, ஆபத்து" என்றார்.

அவர் அதைச் சொல்லும்போது அவருக்குப் பின்னால் தள்ளுவண்டியில் நீளநீளமான துப்பாக்கிப் பெட்டிகளை அடுக்கி ஒருவர் உள்ளே தள்ளிக்கொண்டு போனார். சுமதி வண்டியைப் பார்த்தாள், தட்டில் இருந்த கற்பூரத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அத்தன துப்பாக்கி உள்ள போகுது. கல்பூரம் ஆபத்துங்கறானா இவன்?"

நான் அவளை உள்ளே நகர்த்தினேன். கிரீன் கார்டுக்குக் காத்திருந்த வருஷங்களில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: நியாயமான கேள்வி கேட்டால் உடனே வேறு கவுன்டருக்குப் போகச் சொல்வார்கள். சாயங்காலம் திரும்பும்போது வாங்கிக்கொள்ள ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதை மட்டும் பத்திரமாகப் பர்ஸில் வைத்தேன்.

ஸ்டாலுக்குப் போனபோது யாழினி இல்லை. ஸ்டால் போட்டவர்களுக்கு ஏதோ பாதுகாப்பு விதிகள் சொல்லும் கூட்டம், அதற்குப் போயிருந்தாள். ஹால் இன்னும் திறக்கவில்லை. மேஜையில் கறுப்பு வெல்வெட் விரித்து நடுவில் பெட்டியை வைத்திருந்தாள். சுமதி செருப்பைக் கழற்றினாள். பையிலிருந்து சந்தனம், குங்குமம், நாலு சாமந்திப் பூ, ஒரு டம்ளர் பொரி.

எனக்கு ஈரோட்டில் எங்கள் தெரு முனை பாங்க் ஞாபகம் வந்தது. நான் சின்ன வயதில் கிட்டத்தில் பார்த்த ஒரே துப்பாக்கி அந்த பாங்க் காவல்காரருடையதுதான். இரட்டைக் குழல். அதை ஊன்றுகோல்போல் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து அவர் தூங்குவார். ஆயுத பூஜையன்று டைப்ரைட்டர், பெரிய இரும்பு அலமாரி இவற்றோடு அந்தத் துப்பாக்கிக்கும் மூன்று பொட்டு விழும். அந்தப் பொட்டு அடுத்த மழைவரைக்கும் அதில் காய்ந்து கிடக்கும்.

பெட்டியின் நாலு மூலைக்கும் பொட்டு வைத்த சுமதி, நடுவில் இருந்த வட்டத்துக்கு வந்ததும் நின்றாள். "ரேகை பாக்கறது இதுதானுங்களே?"

அவளுக்கும் ரேகை பார்க்கிற மெஷின்களுக்கும் பழைய பகை உண்டு. கிரீன் கார்டுக்குக் கைரேகை கொடுக்கப் போனபோது மெஷின் அவள் விரலை ஏற்கவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிவிட்டது என்றார்கள். மறுபடி வரச்சொல்லிக் கடிதம். மறுபடியும் ஏற்கவில்லை. கடைசியில் ஒரு அம்மாள் ஏதோ கிரீம் தடவி, விரலை ஒவ்வொன்றாக உருட்டி உருட்டி எடுத்து அனுப்பினாள். அதுவரை சுமதிக்குத் தூக்கமே இல்லை, தன் விரலால் குடும்பத்துக்கே கார்டு வராமல் போய்விடுமோ என்று. அன்றிலிருந்து விரல் வைக்கிற எந்தச் சாதனத்தையும் அவள் சந்தேகமாகத்தான் பார்ப்பாள்.

"இந்த எடந்தான் நல்லா வேலை செய்யோணும். இங்கதான் கண்டிப்பா வெக்கோணும்" என்று சொல்லி, அந்த வட்டம் முழுக்கச் சந்தனம் குழைத்துப் பூசி நடுவில் குங்குமம் வைத்தாள். வட்டமும் பொட்டுக்கென்றே அளந்து செய்ததுபோல் இருந்தது. எனக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, தடுக்கத் தோன்றவில்லை.

யாழினி வந்தாள். பார்த்தாள். "அம்மா!" என்று ஒரு கத்தல். பக்கத்து ஸ்டால்காரர் எட்டிப் பார்த்தார். ஹால் திறக்கிற நேரம். டிஷ்யூவை எடுத்துப் பரபரவென்று துடைத்தாள். பூவை எடுத்துத் தன் பையில் போட்டாள். சுமதியின் முகம் வாடியதைப் பார்த்து, ஒரு வாய் பொரியை அள்ளிப் போட்டுக்கொண்டு, "ஓகே? ஹேப்பி? இப்ப ரெண்டு பேரும் போயி ஹாலைச் சுத்திப் பாருங்க" என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் தமிழில் வந்தது. எங்களை எங்காவது அனுப்ப வேண்டுமென்றால் அவளுக்குத் தமிழ் சரளமாக வரும்.

3

சுற்றினோம். ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குள் நுழைந்த மாதிரிதான், துணிக்குப் பதில் துப்பாக்கி. சுவரில் வரிசை வரிசையாக மாட்டியிருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பிக் கயிறு. உள்ளே தோட்டாவை இடிக்கும் ஊசியை எடுத்துவிட்டார்களாம், சுட முடியாது. எல்லோரும் எடுத்துத் தோளில் பொருத்தி, கூரை விளக்கை ஒற்றைக் கண்ணால் குறிபார்த்து, பின்பக்கத்தை இழுத்து அந்த 'க்ளிக்' சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். நம் ஆட்கள் புடவையின் கரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார்களே, அந்தக் கவனம். நாங்கள் பக்கத்தில் போனாலே "ஹவ் ஆர் யூ டுடே, மேடம்?" என்று சுமதியைத்தான் முதலில் கேட்டார்கள். பட்டுப்புடவைக்கு அங்கே அப்படி ஒரு மரியாதை. எந்த ஊரில் கடை வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். "சிம்ப்ளி சீயிங், சிம்ப்ளி சீயிங்" என்று கையை ஆட்டி நகர்ந்தேன். இத்தனை வருஷம் ஆகியும் அவசரத்துக்கு எனக்கு இந்த இங்கிலீஷ்தான் வருகிறது.

இளஞ்சிவப்பு நிறத்தில் கைத்துப்பாக்கிகள் இருந்தன. கத்தரிப்பூ நிறத்திலும் இருந்தன. பெண்களுக்கான தோல் கைப்பை, பார்த்தால் சாதாரணப் பை, பக்கவாட்டில் ரகசிய ஜிப், அதற்குள் துப்பாக்கிக்கு இடம். சுமதி அந்த ஜிப்பைத் திறந்து மூடிப் பார்த்து, "பாஸ்போர்ட் வெக்க நல்லா இருக்கும்" என்றாள். குண்டு துளைக்காத பள்ளிக்கூடப் பை ஒன்று இருந்தது, மேலே டைனோசர் படம் போட்டது. அதை அவள் தொடவில்லை.

இருட்டில் பார்க்கிற கண்ணாடி வைத்திருந்த ஸ்டாலில், எடுத்துக் கொடுப்பதற்கு முன், நான் அமெரிக்கப் பிரஜையா, இங்கே நிரந்தரமாக வாழ உரிமை உள்ளவனா என்று கேட்டார்கள். ஏதோ ஏற்றுமதிச் சட்டமாம். ஒருவர் கேட்டுவிட்டால் போதும், எனக்குள் இருக்கும் பழைய விசாக்காரன் எழுந்துவிடுவான். எந்த வருஷம் வந்தேன், எந்தக் கம்பெனி மனுப் போட்டது, எப்போது பிரமாணம் எடுத்தேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே பர்ஸில் இருந்த பாஸ்போர்ட் நகலை வெளியே எடுத்தேன். அந்தப் பையன் மிரண்டுபோய், "ஆம், இல்லை என்று சொன்னால் போதும், சார்" என்றான்.

காதுக்கு மாட்டுகிற ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. வெடிச்சத்தத்தை அடக்கிவிடும், ஆனால் மெல்லப் பேசுவதைப் பெரிதாக்கிக் கொடுக்கும். மாட்டிப் பார்த்தேன். பத்தடி தள்ளி நின்ற சுமதி சொன்னது பக்கத்தில் சொன்ன மாதிரி கேட்டது: "இதுல ஒண்ணு வாங்கிக்கோங்க. வீட்டுல நான் பேசறது கேக்கும்."

அதற்கடுத்த ஸ்டாலில் தொலைநோக்கிகள். துப்பாக்கி மேல் பொருத்துகிறவைதான், ஆனால் அங்கே தனியாக முக்காலியில் நிறுத்தியிருந்தார்கள். நான் பார்த்தபோது ஹாலின் மறுகோடியில் ஒருவர் காபிக் கோப்பையில் எழுதியிருந்த பேரைப் படிக்க முடிந்தது. சுமதி வாங்கிப் பார்த்தாள். மெதுவாக அப்படியும் இப்படியும் திருப்பியவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன தெரியுது?" என்றேன்.

"யாழினி."

நானும் பார்த்தேன். எங்கள் மகள் தெரிந்தாள், கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்பதுபோல. மேஜைக்குப் பின்னால் நேராக நின்று, போகிறவர் வருகிறவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் நிற்கவில்லை. எதிரே புது ரைஃபிள் ஒன்றைச் சுற்றிக் கூட்டம், அவள் பக்கம் முதுகுகள்தான். ஆள் இல்லாத சமயத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு நகத்தைக் கடித்தாள். கிண்டர்கார்டனில் முதல் நாள் விட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"ஒருத்தருமே அவகிட்ட வரலீங்க" என்றாள் சுமதி. அவள் அர்ச்சனை செய்தது பலித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எங்கள் இருவருக்கும் ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை. "வாங்க, போயி அவகூட நிப்போம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

4

மத்தியானம் வாக்கில் டோனா வந்தார். மேற்கு டெக்சாஸில் மாட்டுத் தீவனம், வேலிக்கம்பி, பூட்ஸ், துப்பாக்கி எல்லாம் விற்கிற கடைகள் இருக்கின்றன, அந்தக் கடைகள் சிலவற்றுக்குச் சரக்கு வாங்குகிற அம்மாள். அறுபதைத் தாண்டிய வயது, கத்தரித்த நரைமுடி. கைகுலுக்கினார், களை வெட்டுகிற கை. நின்று பேசிய முதல் ஆள் அவர்தான்.

யாழினி குரலைச் சரிசெய்துகொண்டு, தன் பழைய டெலிகாம் வேலையைச் சொல்லி ஆரம்பித்தாள். பயப்படுகிற நேரத்தில் நடுராத்திரி இருட்டில்கூட ஒரே தொடுதலில் திறக்கும், ஆனால் குழந்தையால் திறக்க முடியாது என்று சொல்லி, விரலை வைத்தாள்.

சிவப்பு.

விரலை ஜீன்ஸில் துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்பு. வேறு விரல். சிவப்பு. இன்னொரு முறை வைத்ததும் பெட்டி நீளமாக ஒரு சத்தம் போட்டுவிட்டு, விளக்கையே அணைத்துக்கொண்டது. தப்பு விரல் பலமுறை பட்டால் கொஞ்ச நேரத்துக்கு யாருக்கும் திறக்காது, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறாள்.

இதற்காகத்தானே நான் மாதக்கணக்காகக் காத்திருந்தேன். பெட்டி தோற்க வேண்டும், பெண் பழைய வேலைக்குப் போக வேண்டும். ஆனால் யாழினியின் கழுத்து சிவந்து வருவதைப் பார்த்ததும், திறந்துடு சாமி, என் புள்ள மானத்தக் காப்பாத்து என்று அந்த இரும்புப் பெட்டியை மனசுக்குள் கெஞ்சினேன்.

சுமதி என் சட்டையைப் பிடித்தாள். "ஏனுங்க... சந்தனம்."

யாழினிக்கும் அதே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். குனிந்து நகத்தால் அந்த வட்டத்தைச் சுரண்டினாள். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். போச்சு, இனி ஒரு வருஷத்துக்கு வீட்டுப்பக்கம் வரமாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் டோனாவிடம் திரும்பி, அமைதியாகச் சொன்னாள்: "இன்று எங்கள் ஊரில் தொழில் செய்கிற கருவிகளைக் கும்பிடுகிற நாள். என் அம்மா இந்தப் பெட்டிக்குச் சந்தனம் வைத்து ஆசீர்வாதம் செய்தார். நான் சரியாகத் துடைக்காமல் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது."

டோனா சுமதியின் நெற்றியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "என் மாமியார் என் டிராக்டருக்குப் புனித நீர் தெளித்தார். அதுவும் அன்றைக்கு ஸ்டார்ட் ஆகவில்லை" என்றார்.

யாழினி அவசரத்துக்கு வைத்திருக்கும் சாவியை எடுக்கப் போனாள். டோனா வேண்டாம் என்று கைகாட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எவ்வளவு நேரம் பிடிவாதம் பிடிக்கிறதென்று பார்க்கிறேன். என் பேரன் இதைவிட அதிகமாக முயற்சி செய்வான். அதுவரை ஒன்று சொல். நீ டெலிபோன் கம்பெனிப் பெண். உனக்கு எதற்கு இந்தப் பெட்டி?"

நாங்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்த கேள்வி. இந்த முறை யாழினி தோளைக் குலுக்கவில்லை. எங்களைப் பார்க்காமல் சொன்னாள்.

"செகண்ட் கிரேட் படிக்கும்போது பக்கத்து வீட்டில் ஸ்லீப்ஓவர், ராத்திரி அங்கேயே தங்கல். என் ஃப்ரெண்ட் கேட்டியின் வீடு. காலையில் சீக்கிரம் எழுந்துவிட்டோம். கேட்டி, 'என் அப்பா டிராயரில் என்ன இருக்கு பார்' என்று கூட்டிக்கொண்டு போனாள். துப்பாக்கி. ரொம்பக் கனம். மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தோம். நான் அதைக் கரடி பொம்மைக்கு நேராகப் பிடித்தேன். அப்புறம் கேட்டிக்கு நேராகப் பிடித்தேன். அவள் கையைத் தூக்கிச் சிரித்தாள். அப்போது அவள் அம்மா பான்கேக் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டுப் போய்விட்டோம். அவ்வளவுதான்."

அந்த பான்கேக் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அதைப் பற்றி மட்டும் மூச்சுவிடாமல் பேசினாள். எத்தனை அடுக்கு, மேலே என்ன பாகு என்று கையை விரித்துக் காட்டினாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் சுமதி, இரண்டு வாக்கியங்களைக் கண்ணாடி முன் சொல்லிப் பழகிக்கொண்டு, அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "நோ பீஃப், ப்ளீஸ். நோ போர்க், ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். கேட்டியின் அம்மா லிண்டா தங்கமான மனுஷி. அதனால்தான் வம்பே வேண்டாமென்று பான்கேக் செய்துகொடுத்தார். பிறந்தநாள் பார்ட்டி, கேம்ப் என்று மகளை எங்கே அனுப்பினாலும் நாங்கள் கேட்டது அந்த ஒன்றைத்தான். நம் ஊர்க்காரர்கள் எல்லோருமே அதைத்தான் கேட்டோம். படுக்கையறை டிராயரில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வீட்டில் போய்க் கேட்பது நமக்கு எந்த ஜென்மத்தில் தோன்றும்?

சுமதி அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது மெல்ல ஒரு சத்தம் கொடுத்து விளக்கை ஏற்றிக்கொண்டது. யாழினி ஸ்பிரிட் தொட்ட துணியால் வட்டத்தை நன்றாகத் துடைத்து விரலை வைத்தாள். பச்சை. மூடி எழும்பியது. டோனா தன் காய்த்த விரலைப் பழக்கச் சொல்லி, திறந்து, மூடி, கையில் எண்ணெய் தொட்டு மறுபடி திறந்து பார்த்தார். எல்லா முறையும் பச்சை. "எங்கள் கடைகளில் இரண்டில் வைத்துப் பார்க்கிறேன். விற்றால் மேலே பேசலாம்" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

யாழினி மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அப்பா, டூ ஸ்டோர்ஸ்!" என்றாள். நான் கட்டிக்கொண்டேன். சுமதி இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"ஏனம்மிணி, அன்னைக்கே எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடியும் அங்க அனுப்பியிருப்பியா?"

"மாட்டேன்."

"எனக்கு அந்த ஸ்கூல்ல அவ ஒருத்திதாம்மா ஃப்ரெண்ட்" என்றாள் யாழினி. தமிழில்தான் சொன்னாள்.

5

வழக்கமாக டாலஸிலிருந்து எங்கள் காப்பெல் வீடு வரும்வரை நான் லேன் மாறுவதில் குறை சொல்லிக்கொண்டு வருவாள் சுமதி. அன்று நான் எப்படி மாறினேன் என்றே அவள் கவனிக்கவில்லை. காவலரிடமிருந்து கற்பூரத்தை வாங்கி வந்திருந்தேன். வீட்டில் விளக்கேற்றி, காருக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்து முடித்தோம். சுண்டல் தாளித்தாள்.

ஒவ்வொரு வருஷமும் முதல் கிண்ணம் பக்கத்து வீட்டு லிண்டாவுக்குத்தான். என் அப்பா இறந்தபோது நாங்கள் அடித்துப்பிடித்து ஊருக்கு ஓடினோம். அப்போது வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விட்டு, தபாலை எடுத்துவைத்து, நாங்கள் திரும்பிய அன்று ஃபிரிட்ஜில் பால் வாங்கி வைத்திருந்தவர் அவர். அவர் கணவர் ஜிம் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். கேட்டி கல்யாணமாகி ஒக்லஹோமாவில் இருக்கிறாள்.

நான் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். சுமதி கிண்ணத்தை விடவில்லை. நானும் பின்னாலேயே போனேன்.

லிண்டா கதவைத் திறந்து, "ஓ, என் காரக் கடலை!" என்று இரண்டு கையையும் நீட்டினார். சுமதி கிண்ணத்தைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு கேட்டாள். "லிண்டா, யூ ஹேவ் கன் இன் ஹவுஸ்?"

லிண்டாவின் சிரிப்பு அப்படியே நின்றது. நான் தரையைப் பார்த்தேன்.

"இருக்கிறது" என்றார். "ஜிம் வைத்த இடத்தில்தான் இருக்கும். அவர் போனபிறகு அந்த டிராயரை நான் திறக்கவே இல்லை. முடியவில்லை, சுமதி. ஏன் கேட்கிறாய்?"

"கேட்டியோட பசங்க எப்ப வர்றாங்கன்னு கேளுங்க" என்றாள் என்னிடம்.

கேட்டேன். வழியில் வந்துகொண்டிருக்கிறார்களாம். சாப்பாட்டுக்கு இங்கே இருப்பார்களாம்.

சுமதி அங்கேயே நின்று யாழினிக்கு ஃபோன் போட்டாள். "பெட்டி ஒண்ணு எடுத்துக்கிட்டு லிண்டா ஆன்ட்டி வீட்டுக்கு வா. இப்பவே வா." பிறகு லிண்டாவிடம், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மகள் வரும்வரை அந்த அறையில் தான் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னாள். லிண்டா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். வழிவிட்டு விலகி நின்றார்.

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை, அதில் ஒரு டிராயர். அதற்கு நேர் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, பட்டுப்புடவையை ஒதுக்கிக்கொண்டு சுமதி உட்கார்ந்தாள். கேட்டியின் கார் முதலில் வந்தது. குழந்தைகள் இரண்டும் வந்த வேகத்தில் வீட்டைச் சுற்றி ஓடி, அந்த அறை வாசலுக்கும் வந்துவிட்டன. சுமதி எழுந்து வாசலை அடைத்து நின்று, அங்கேயே நிறுத்தி, லிண்டாவிடமிருந்து கிண்ணத்தை வாங்கி ஆளுக்கு ஒரு பிடி சுண்டல் கொடுத்தாள். உள்ளே விடவில்லை. கேட்டி அவளைக் கட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்றாள். சுமதி பதில் சொல்வதற்குள் யாழினி பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு டிராயரைப் பார்த்தார்கள். கேட்டி குழந்தைகளைப் புழக்கடைக்கு அழைத்துப் போனாள். லிண்டா கதவருகே நின்றார்.

யாழினி டிராயரைத் திறந்தாள். கைக்குட்டைகள், மூக்குக் கண்ணாடி, அதற்கடியில் அது இருந்தது. ஆட்காட்டி விரலை விசையில் படாமல் நீட்டிவைத்து, குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அடியில் இருந்த தோட்டா அடுக்கை உருவினாள். பிறகு மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தாள். உள்ளேயிருந்து இன்னொரு தோட்டா தெறித்து விழுந்து, கார்ப்பெட்டில் உருண்டு, சுமதியின் காலடியில் வந்து நின்றது.

லிண்டா வாயைப் பொத்திக்கொண்டார். யாழினி இரண்டு முறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்தாள். மூடியைப் பிடித்த அவள் கையைச் சுமதி மணிக்கட்டில் பிடித்தாள்.

"அம்மா, மூடணும். கைய விடு."

"கொஞ்சம் இரு, அம்மிணி" என்றாள் சுமதி. காலடியில் கிடந்த தோட்டாவைப் பார்த்தாள், அன்று கேட்டிக்கு நேராக நீண்ட அந்தக் கையைப் பார்த்தாள். அவள் விடவில்லை.